மற்றதெல்லாம் வழக்கப்படி

லின்ஸ்
3 பிப்ரவரி 1986

கல்தச்சர் ஒப்ரென் ப்ரோகிச் அவர்களுக்கு,

என்னை உங்களுக்கு நினைவிருக்காது. கமெனித்சா மேல்தெரு திஹொமிர் வுலேதிச்சின் மனைவி நான். பதினான்கு வருடமாக ஆஸ்திரியாவில் இருக்கிறேன், லின்ஸ் நகரத்து மருத்துவமனை ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. போன அக்டோபர் பதினொன்றாம் தேதி அவர் இறந்துபோனார். அடக்கத்துக்கு வந்துவிட்டு மூன்றாம் நாளே திரும்பிவிட்டேன். அதைப் பற்றி ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று எனக்கு எழுத வேண்டாம். நன்றாகவே தெரியும்.

முதலாண்டு நினைவு நாளுக்குள் கல் நின்றாக வேண்டும். அடக்கத்தன்று தேவாலய வாசலில் உங்கள் மனைவி என் கையில் திணித்த ஆர்டர் தாளை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். சாம்பல் நிறக் கல் போதும். முகம் பார்க்கிற மாதிரி மினுங்கும் கறுப்புக் கல் வேண்டாம், அது பணக்கார வீட்டுக் குளியலறை மாதிரி இருக்கிறது. பெயர் திஹொமிர் வுலேதிச், 1926 – 1985. கல்லில் ஒட்டும் பீங்கான் வில்லையில் பதிக்க ஒரு படமும் அனுப்புகிறேன். சந்தையில் நாங்கள் இருவரும் எடுத்துக்கொண்டது. அவர் சிரிக்கிற படம் உலகத்தில் இது ஒன்றுதான்.

தாளின் கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருந்தது. எனக்குக் குறிப்பு ஒன்றும் இல்லை. ஆனால் எதையும் காலியாக விட்டு எனக்குப் பழக்கமில்லை. அதனால் ‘மற்றதெல்லாம் வழக்கப்படி’ என்று எழுதியிருக்கிறேன்.

உங்கள் பட்டறையில் தொலைபேசி இல்லை என்று தெரியும். ஆகவே கடிதத்தில் பதில் போடுங்கள். தெளிவாகப் போடுங்கள்.

ரத்மிலா வுலேதிச்


கமெனித்சா
20 பிப்ரவரி 1986

மதிப்பிற்குரிய திருமதி ரத்மிலா வுலேதிச் அவர்களின் மேலான கவனத்துக்கு,

தங்கள் கடிதமும் படமும் பத்திரமாக வந்து சேர்ந்தன. தங்கள் துயரத்தில் எங்கள் பட்டறை முழுவதும் பங்குகொள்கிறது. தங்கள் விருப்பம் இன்னதென்று நாங்கள் முழுமையாகப் புரிந்துகொண்டோம். தாங்கள் எதற்கும் கவலைப்பட வேண்டியதில்லை. எல்லாம் முறைப்படி, தங்கள் குடும்பத்தின் கௌரவத்துக்கு ஏற்றபடி நடக்கும்.

காலஞ்சென்ற தங்கள் கணவருடன் முன்பு ஒரு சிறு பேச்சு நடந்ததுண்டு. இப்போது தாங்களே எழுதிவிட்டபடியால் அது முக்கியமில்லை.

தங்கள் நலம் நாடும்,
ஒப்ரென் ப்ரோகிச்
கல்தச்சர், இருபத்தாறு ஆண்டு அனுபவம்


லின்ஸ்
9 மார்ச் 1986

ஒப்ரென் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். அதில் கல்லைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சாம்பல் கல் கிடைத்ததா, எழுத்து எந்த அளவு, எப்போது முடியும் என்று எதுவுமே இல்லை. கவலைப்படாதே என்று மட்டும் இருக்கிறது. என்னிடம் கவலைப்படாதே என்று யார் சொன்னாலும் உடனே கைப்பை பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பது என் வழக்கம்.

என் கணவருடன் என்ன ‘சிறு பேச்சு’? எப்போது? அவர் உங்கள் பட்டறைக்கு வந்தாரா? எனக்குத் தெரிந்து அந்த மனுஷன் மாட்டு வைத்தியரைத் தவிர யாரையும் தேடிப் போனதில்லை.

இன்னொன்று. பக்கத்து வீட்டுக்காரி எழுதியிருக்கிறாள். போன வாரம் நீங்கள் நோட்டுப் புத்தகத்தோடு என் நாத்தனார் தேசாங்கா வீட்டுக்குப் போனீர்களாம். சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தீர்களாம். நான் எந்த வருடம் பிறந்தேன் என்று அவளிடம் கேட்டீர்களாம்.

செத்தவர் அவர். என் பிறந்த வருடம் உங்களுக்கு எதற்கு? அதையும் என்னிடம் கேட்காமல், இருபது வருடமாக என் முகத்தைப் பார்த்துப் பேசாத அவளிடம் எதற்காகக் கேட்டீர்கள்? வீடு யார் பேருக்குப் போகிறது என்ற பேச்சு ஏதாவது அங்கே நடக்கிறதா? மறைக்காமல் எழுதுங்கள்.

ரத்மிலா


கமெனித்சா
24 மார்ச் 1986

மதிப்பிற்குரிய திருமதி வுலேதிச் அவர்களுக்கு,

தங்கள் மனம் புண்பட்டிருப்பதை அறிந்து மிகவும் வருந்துகிறோம். திருமதி தேசாங்காவை நாங்கள் சந்தித்தது வேலை நிமித்தமாக மட்டுமே. வீடு, நிலம் பற்றி யாரும் பேசவில்லை. ஒரு பெண்மணியிடம், அதுவும் துக்கத்தில் இருப்பவரிடம், சில விவரங்களை நேரடியாகக் கேட்பது நாகரிகமாகாது. எங்கள் தொழிலில் இவற்றைக் குடும்பத்தாரிடம் மெதுவாக விசாரித்துக்கொள்வதுதான் பண்பு என்று என் தந்தையார் காலத்திலிருந்தே வைத்திருக்கிறோம்.

தங்கள் கணவரின் பேச்சைப் பொறுத்தவரை, அதை இப்போது எழுத்தில் கொண்டுவருவது தங்களுக்கு நன்மை செய்யாது என்று தாழ்மையுடன் கருதுகிறோம்.

வேலை மிக நன்றாக நடக்கிறது. சாம்பல் கல், தாங்கள் கேட்டபடியே. எழுத்து வெட்டத் தொடங்கிவிட்டோம்.

பணிவுடன்,
ஒப்ரென் ப்ரோகிச்


லின்ஸ்
12 ஏப்ரல் 1986

மேஸ்திரி,

இனி அடைமொழி எல்லாம் கிடையாது. உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

எனக்கு நன்மை செய்யாத பேச்சாம். துக்கத்தில் இருப்பவளிடம் கேட்கக்கூடாத விவரமாம். இப்படி நீங்கள் எழுதினால் நான் என்ன நினைப்பேன்? இரண்டு வாரமாக நினைத்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது. யார் சொன்னது?

போன வருடம் ஜூன் மாதம் என் மார்பில் ஒரு கட்டி கண்டுபிடித்தார்கள். ஜூலையில் வெட்டி எடுத்தார்கள். இதை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் எழுதினேன், திஹொமிருக்கு. அந்தக் கடிதத்துக்கு அவர் பதில் போடவில்லை. ஒரு வரி கூட இல்லை. ஆகஸ்டில் உலர்ந்த பிளம் பழம் ஒரு பொட்டலம் வந்தது, உள்ளே ஒரு துண்டுத் தாள் கூட இல்லாமல். அவருக்கே உடம்பு சரியில்லை என்று அப்போது எனக்குத் தெரியாது. அதையும் எனக்கு யாரும் எழுதவில்லை. அடக்கத்தன்று நான் ஏன் அழவில்லை என்று உங்கள் ஊர் கேட்டதே, அந்தப் பொட்டலம்தான் காரணம்.

ஆக, தேசாங்கா அவர் மேஜையில் அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்திருக்கிறாள். ரத்மிலாவும் சீக்கிரம் போகப்போகிறாள் என்று உங்களிடம் சொல்லியிருக்கிறாள். நீங்களும் நோட்டுப் புத்தகத்தோடு போய்விட்டீர்கள். சரிதானே?

இங்கே என் மருத்துவரும் உங்களைப் போலவே பேசுகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை போகிறேன். கோப்பைப் புரட்டிவிட்டு, “நல்லபடியா போகுதுங்க, பாக்கலாம்” என்பார். எதைப் பார்க்கலாம் என்று சொல்ல மாட்டார். ஊரில் நீங்கள் ஒருவர், இங்கே அவர் ஒருவர், இரண்டு பேரும் மரியாதையாகவே என்னைக் கொன்றுவிடுவீர்கள் போலிருக்கிறது.

கல்லை அப்படியே ஒரு தாளில் வரைந்து அனுப்புங்கள். என்னென்ன வெட்டியிருக்கிறீர்களோ அத்தனையும் அதில் இருக்க வேண்டும். தபாலில் உடனே போடுங்கள்.

ரத்மிலா


கமெனித்சா
27 ஏப்ரல் 1986

மதிப்பிற்குரிய திருமதி வுலேதிச் அவர்களுக்கு,

தங்கள் கடிதத்தைப் படித்து நானும் என் மனைவியும் அதிர்ந்துபோனோம். தங்கள் உடல்நிலை பற்றி திருமதி தேசாங்கா ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிறந்த ஆண்டைக் கேட்டேன், சொன்னார். அவ்வளவுதான்.

கேட்ட வரைபடம் இத்துடன் இருக்கிறது. வெட்டு வேலை முடிந்துவிட்டது. இடப்பக்கம் தங்கள் கணவர். வலப்பக்கம் தாங்கள்: ரத்மிலா வுலேதிச், 1928, சிறுகோடு, அதன்பின் காலியிடம். தாங்கள் வழக்கப்படி என்று எழுதியிருந்தீர்கள். நம் பக்கத்தில் வழக்கம் எது என்று தங்களுக்குத் தெரியாததல்ல. கணவர் கல்லில் மனைவி பெயரும் சேர்ந்தே வரும். காலம் வரும்போது ஆண்டை மட்டும் வெட்டுவோம். படத்திலும் தாங்கள் இருவரும் சேர்ந்தே இருந்தீர்கள். ஆகவே எனக்குச் சந்தேகமே வரவில்லை.

தாங்கள் வற்புறுத்துவதால் மற்றதையும் எழுதுகிறேன். போன ஆகஸ்டு மாதம் தங்கள் கணவர் பட்டறைக்கு வந்து தம் கல்லைப் பற்றிப் பேசினார். அப்போது, ‘என் மனைவியின் பெயர் கல்லில் இடம்பெற வேண்டாம்’ என்று கேட்டுக்கொண்டார். தாங்கள் கணவருடன் சேர்ந்திருக்க விரும்பி எழுதியிருக்கும்போது, அவர் அதை விரும்பவில்லை என்று எப்படிச் சொல்வது? அதனால்தான் மறைத்தேன். இறந்தவர் வாயால் சொன்னதைவிட உயிரோடிருப்பவர் கையால் எழுதியது பெரிது என்றும் எண்ணினேன்.

மன்னிப்பை எதிர்பார்த்து,
ஒப்ரென் ப்ரோகிச்


லின்ஸ்
10 மே 1986

மேஸ்திரி,

உங்கள் வரைபடத்தை மேஜையில் விரித்துப் பார்த்தேன். என் பெயர், ஒரு கோடு, பக்கத்தில் காலியிடம். என் காலண்டரில் அடுத்த பரிசோதனைக்கு வட்டம் போட்டிருக்கிறேன். அதற்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவே உட்கார்ந்து இரண்டு நாள் சாப்பிட முடியவில்லை. பயமாக இருந்தது. இதை உங்களுக்கு எழுத வெட்கப்படவில்லை.

வழக்கம் எனக்குத் தெரியும். அடுத்தவர் கல்லில் பார்த்திருக்கிறேன். என் பெயருக்கும் அது வரும் என்று, ஒரு கட்டத்தை நிரப்பும் அவசரத்தில், தோன்றவில்லை. அது என் பிழை. ஆனால் ஒரே ஒரு வரி எழுதி, உங்கள் பெயரையும் போடட்டுமா என்று நீங்கள் கேட்டிருந்தால் போதுமே. ஒரு தபால்தலை. அதைச் செய்யாமல் தேசாங்கா வீட்டுக் காபியைக் குடித்தீர்கள். அவளும் சந்தடிசாக்கில் என் வயதில் இரண்டைக் கூட்டி என்னைக் கிழவியாக்கிவிட்டாள். நான் பிறந்தது 1930.

இப்போது முக்கியமானதற்கு வருகிறேன். ‘என் மனைவியின் பெயர் கல்லில் இடம்பெற வேண்டாம்.’ இப்படி திஹொமிர் சொன்னாராம். முப்பத்திரண்டு வருடத்தில் அந்த மனுஷன் என்னை ஒரு தடவை கூட ‘என் மனைவி’ என்று சொன்னதில்லை. கல்யாணப் பதிவு அலுவலகத்தில் கூடத் தலையை ஆட்டினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. ‘இடம்பெற’ என்ற சொல் அவர் வாயில் நுழையவே நுழையாது. அந்த வாக்கியம் உங்களுடையது, இல்லாவிட்டால் என் நாத்தனாருடையது. நான் ஊருக்குத் திரும்பி வராமலிருக்க இரண்டு பேரும் சேர்ந்து புனைந்திருக்கிறீர்கள். அவர் பட்டறைக்கு வந்தார் என்பதையே நான் நம்பவில்லை.

பொய் என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். நிஜம் என்றால் அவர் சொன்னதை, அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். சீவிச் சிங்காரித்து அனுப்பாதீர்கள். இனிமேல் எனக்கு இதைச் சொல்ல வேறு ஆள் கிடையாது, மேஸ்திரி. அவர் என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் போனாரா என்று எனக்குத் தெரிய வேண்டும்.

ரத்மிலா


கமெனித்சா
25 மே 1986

அம்மா,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொரு முறையும் மரியாதை வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது. கடைசியில் என் மனைவி, “அவங்க கேட்டத எழுது, உனக்கு வர்றத எழுதாத” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். ஆகவே எழுதுகிறேன். வாக்கியம் என்னுடையதுதான், நீங்கள் சொன்னது சரி. விஷயம் அவருடையது.

ஆகஸ்டு மாதம், சனிக்கிழமை காலை. டிராக்டரில் வந்தார். ரொம்ப இளைத்திருந்தார், ஏறி இறங்கவே சிரமப்பட்டார். முற்றத்தில் கிடந்த ஒரு பாதிக் கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். பிளம் சாராயம் ஊற்றினேன், தொடவில்லை. பழுக்கிற காலத்தில் தோட்டத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறீரே என்றேன். பழமெல்லாம் காய வைத்து லின்ஸுக்கு அனுப்பியாயிற்று, மருத்துவமனைக்காரன் ஒழுங்காகச் சோறு போட மாட்டான் என்றார்.

சட்டைப் பையில் ஒரு கடிதம் வைத்திருந்தார். மடிப்பில் கிழிந்து ஒட்டுப் போட்டிருந்தது. அதில் என்ன இருந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது, ஏப்ரலில் நீங்கள் எழுதிய பிறகுதான் புரிந்தது. அதை எடுத்துக் காட்டிவிட்டு, “இதுக்கு என்னத்தப் பதில் எழுதறது மேஸ்திரி? ஏதாவது எழுதினா தப்பா எழுதிடுவேன். அவ அதுலயும் குத்தம் கண்டுபிடிப்பா” என்றார்.

பிறகு தம் கல்லைப் பற்றிச் சொன்னார். பக்கத்தில் பெயர் போட வேண்டுமே என்று நான் தொடங்கியதும் கையை நீட்டித் தடுத்தார். அவர் சொன்னது இது. ஒரு சொல்லும் மாற்றவில்லை, மரியாதைக் குறைவுக்கு நான் பொறுப்பில்லை:

“அந்த முள்ளெலி பேர மட்டும் போட்டுடாத. உனக்கு அவளத் தெரியாது. ஒரு தாளக் கூடப் பாதியில விட்டு வெக்க மாட்டா. கோடு போட்டு நீ எடத்தக் காலியா விட்டேன்னு வெச்சுக்க, அத நெரப்பறதுக்குன்னே செத்துப்போவா. வெறும் என் பேர வெட்டு. அவ பொழச்சுக் கெடக்கட்டும்.”

இதில் ‘முள்ளெலி’ என்ற சொல்லை உங்களுக்கு எப்படி எழுதுவது என்றுதான் மூன்று மாதமாகக் கூச்சப்பட்டேன். கணவனை இழந்த ஒரு பெண்மணிக்கு, அதுவும் வாடிக்கையாளருக்கு, அந்த வார்த்தையை எழுதலாமா என்று பயந்தேன். அதை எடுத்துவிட்டேன். எடுத்ததும் மீதியும் செத்துப்போயிற்று என்று இப்போது தெரிகிறது.

இனி வேலை. சந்தைப் படத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துச் செய்ததில், உங்கள் பக்கத்துப் பீங்கான் படத்தை ஒட்டவில்லை, ஒட்டவும் மாட்டேன். பெயரை அரைத்தெடுக்க முடியும். ஆனால் அந்த இடத்தில் இரண்டு விரற்கடைக்குப் பள்ளம் விழும், தூரத்திலிருந்தே தெரியும். நினைவு நாளில் படைக்கக் கோதுமைக் களியோடு வருகிறவர்கள் எல்லோரும் இது என்ன என்று கேட்பார்கள். பள்ளம் வேண்டாம் என்றால் வேறு கல்லில் புதிதாக வெட்டித் தருகிறேன், பிழை என்னுடையது. இரண்டில் எது என்று எழுதுங்கள். இந்த முறை நீங்கள் எழுதாத எதையும் நான் செய்ய மாட்டேன்.

ஒப்ரென்


லின்ஸ்
15 ஜூன் 1986

மேஸ்திரி ஒப்ரென்,

உங்கள் கடிதத்தைச் சலவைக்கூடத்தில், நீராவிக்கு நடுவில் நின்று படித்தேன். அழுதேன். நீராவி என்று சொல்லிச் சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

முள்ளெலி என்று என்னைக் கூப்பிட்டது உலகத்தில் அவர் ஒருவர்தான். அதுவும் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருக்கும்போது, கதவு சாத்தியிருக்கும்போது. தேசாங்காவுக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. அதை வேறொருவர் முன்னால், உங்கள் முற்றத்தில் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார் என்றால், அந்த மனுஷனுக்கு அன்றைக்கு எவ்வளவு முடியாமல் இருந்திருக்க வேண்டும். உங்களைச் சந்தேகப்பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். தேசாங்காவிடமும் கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறேன். வருடத்தைத் தப்பாகச் சொன்னதற்கு மட்டும் மன்னிக்கவில்லை.

அந்தப் பொட்டலத்தை நான் பிரிக்காமலே குப்பையில் போட்டேன். இதையும் உங்களிடம்தான் சொல்கிறேன்.

வியாழக்கிழமை மருத்துவரைப் பார்த்தேன். வழக்கம்போல “பாக்கலாம்” என்றார். ஐயா, எங்கள் ஊரில் ஒரு கல்தச்சர் இருக்கிறார், அவரும் முதலில் உங்களைப் போலத்தான் பேசினார், பிறகு திருந்திவிட்டார், நீங்களும் நேராகச் சொல்லுங்கள் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இப்ப எதுவும் இல்ல. திரும்பி வருமா வராதான்னு எனக்குத் தெரியாது” என்றார். அந்தத் ‘தெரியாது’ காதில் விழுந்த பிறகுதான் ஒரு வருடத்தில் முதல் தடவையாக அந்த ஆளை நம்பினேன்.

வேறு கல் வேண்டாம். அரைத்தெடுத்துவிடுங்கள். பள்ளம் இருக்கட்டும். படத்தில் என் பாதியை எனக்குத் திருப்பி அனுப்புங்கள்.

புதிய ஆர்டர் தாள் ஒன்று நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதவில்லை. கை நமநமவென்றது, பேனாவை இரண்டு தடவை எடுத்தேன், ஆனாலும் விட்டுவிட்டேன். அது தவறுதலாக விடுபட்டது இல்லை என்பதைத் தெளிவாகத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அக்டோபரில் நினைவு நாளுக்கு நானே வருகிறேன். அதற்கு முன்னால் யாராவது அந்தப் பள்ளத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டால், தங்கள், தாங்கள் என்று சுற்றி வளைக்காதீர்கள். அவர் உங்கள் முற்றத்தில் பேசின மாதிரி பேசுங்கள். “அது அவ எடம். அவ இன்னும் வரல” என்று சொல்லுங்கள், போதும்.

ரத்மிலா